முதல் கணினியில் போட்ட பாட்டு இன்று ஒலிக்குமா?

1980களில் வீட்டுக் கணினியில் இசை செய்யத் தொடங்கியவர்களிடம் முதல் கருவி எது என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். கொமடோர் 64, அட்டாரி எஸ்டி, அமிகா 500, பிறகு சவுண்ட் பிளாஸ்டர் அட்டை செருகிய பிசி. எத்தனை கிலோபைட் நினைவகம், பக்கத்தில் எந்தக் கீபோர்டு என்பதுவரை மறக்காமல் சொல்வார்கள். இத்துறை நூல்களும் பெரும்பாலும் கருவியின் பக்கமே நிற்கின்றன. பால் தெபெர்ஜ் 1997இல் எழுதிய ‘எனி சவுண்ட் யூ கேன் இமாஜின்’, இசைக்கலைஞர் தொழில்நுட்பத்தின் நுகர்வோராகவும் மாறிய கதையை ஆராய்கிறது. கென்னத் மெக்கால்பைனின் ‘பிட்ஸ் அண்ட் பீசஸ்’ (2018) சிப் இசையின் வரலாற்றைச் சொல்கிறது. ஆனால், அந்தக் கருவிகளில் செய்த பாட்டுகள் என்ன ஆயின என்று தேடிப் போனால் எதிர்பாராத ஒரு முடிவுக்கு வந்து சேர்வோம். தொழில்முறைக் கலைஞர்கள் செலவு செய்து அமைத்த கூடங்களைவிட, பள்ளிப் பையன்களின் மலிவான கணினிகளே தங்கள் இசையை முழுமையாகக் காப்பாற்றிக் கொடுத்திருக்கின்றன.

கட்டளை இடும் கணினி

1979இல் சிட்னியில் உருவான ஃபேர்லைட் போன்ற இசைக் கணினிகள் பெரிய ஸ்டூடியோக்களுக்கும் புகழ்பெற்ற கலைஞர்களுக்கும் மட்டுமே கட்டுப்படியாயின. நிலைமையை மாற்றியது ‘மிடி’ என்ற பொது ஒப்பந்தம். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் நிறுவனக் கீபோர்டும் ரோலண்ட் கீபோர்டும் ஒரே கம்பியில் பேசிக்கொண்டன. ரோலண்டை நிறுவிய இக்குதாரோ காக்கெஹாஷியும் ஸ்மித்தும் இதற்காக 2013இல் தொழில்நுட்ப கிராமி விருது பெற்றார்கள்.

மிடி கம்பியில் ஒலி போவதில்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது விடவேண்டும் என்ற தகவல் மட்டுமே போகிறது. வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு சுரத்தை ஒலிக்கச் சொல்ல மூன்று பைட் வேண்டும். அது போய்ச்சேர ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகும். பத்து விரலையும் ஒருசேர அழுத்தினாலும் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரிசையில் போகும். தாளம் ‘கொஞ்சம் இழுக்கிறது’ என்று அன்றைய கலைஞர்கள் அலுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

1985இல் வந்த அட்டாரி 520எஸ்டி இந்த மிடிக்கு வாய்த்த கணினி. கருப்பு வெள்ளைத் திரையோடு விலை சுமார் 800 டாலர். மற்ற பெரும்பாலான கணினிகளில் மிடிக்குத் தனிப் பெட்டி வாங்கவேண்டியிருந்தது. இதில் இரண்டு துளைகளும் உடலோடு சேர்ந்தே வந்தன. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஸ்டெயின்பெர்க் நிறுவனம் முதலில் புரோ-24, பிறகு 1989இல் கியூபேஸ் மென்பொருளை அட்டாரிக்காக எழுதியது. பகுதிகளைக் கட்டங்களாக இடமிருந்து வலமாக அடுக்கும் கியூபேஸின் திரைதான் இன்றைய பெரும்பாலான இசை மென்பொருள்களின் முன்மாதிரி. ஃபேட்பாய் ஸ்லிம் 1998இல் பெருவெற்றி பெற்ற தன் ஆல்பத்தை அட்டாரியை வைத்தே செய்தார். அப்போது அந்தக் கணினி கடைகளிலிருந்து மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

தானே பாடும் கணினி

மிடி கட்டளையை ஒலியாக்கும் சின்தசைசரைத் தனியே வாங்க வழியில்லாத வீடுகளில் வேறொரு மரபு வளர்ந்தது. 1982இல் வந்த கொமடோர் 64 கணினிக்குள் பாப் யான்னஸ் வடிவமைத்த சிட் என்ற ஒலிச் சில்லு இருந்தது. அதற்கு மூன்றே குரல்கள். ஒன்று தாளத்துக்கு, ஒன்று பாஸுக்குப் போனால், மூன்று சுரம் சேர்ந்த கார்டுக்கு மிஞ்சுவது ஒரே குரல். ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே போன்றவர்கள் அந்த ஒரே குரலில் மூன்று சுரங்களையும் நொடிக்கு 50 முறை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். காது அதைக் கார்டாக ஏற்றுக்கொண்டது. அந்தக் காலக் கணினி விளையாட்டுகளில் கேட்கும் சிலிர்ப்பான ‘டிரில்’ ஓசை இப்படிப் பிறந்ததுதான்.

அமிகா ஒரு படி மேலே போனது. பதிவுசெய்த உண்மை ஒலித்துண்டுகளை, அதாவது சாம்பிள்களை, நான்கு தடங்களில் அதனால் வாசிக்க முடிந்தது. 1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் மென்பொருளை வெளியிட்டார். ‘டிராக்கர்’ என்ற வகையே அதிலிருந்து தொடங்கியது.

டிராக்கர் திரையில் இசை மேலிருந்து கீழாக ஓடும். ஒரு பக்கத்துக்கு 64 வரிகள். ஒவ்வொரு வரியிலும் சுரத்தின் பெயர், சாம்பிளின் எண், ஒரு கட்டளை. சி20 என்று கட்டளை எழுதினால் ஒலியளவு பாதியாகும். பதினாறடிமான எண்முறையில் 20 என்பது 32, முழு அளவு 64. வேகத்தைத் தொடாமல் விட்டால் பாட்டு நிமிடத்துக்கு 125 அடிகளில் ஓடும். அந்த 125 இசைக்காரர் தேர்ந்தெடுத்ததன்று. ஐரோப்பியத் தொலைக்காட்சித் திரை நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும். அந்தத் துடிப்பில் ஆறுக்கு ஒரு வரி, நான்கு வரிக்கு ஓர் அடி என்று கணக்கிட்டால் 125 வந்துவிடும். தொலைக்காட்சியின் துடிப்பு ஒரு தலைமுறைப் பையன்களின் லயமாயிற்று.

1992இல் அர்பன் ஷேக்டவுன் குழுவின் ‘சம் ஜஸ்டிஸ்’ அமிகாவில் செய்யப்பட்டு பிரிட்டனின் நடனக் கூடங்களைப் பிடித்தது. டிராக்கர் பிசிக்கு வந்தபின் ஸ்வீடனின் ஃபாஸ்ட்டிராக்கர் 2, ஆஸ்திரேலியரான ஜெஃப்ரி லிம் எழுதிய இம்பல்ஸ் டிராக்கர் ஆகியவை இதே வழியைத் தொடர்ந்தன.

எது மிஞ்சியது

டிராக்கரின் ‘மாட்’ கோப்பில் சுரக் குறிப்பும் அதை ஒலிக்கும் சாம்பிள்களும் சேர்ந்தே இருக்கும். 1989இல் ஒரு பையன் செய்த மாட் கோப்பை இன்று எந்தக் கணினியில் திறந்தாலும் ஏறத்தாழ அதே பாட்டுதான். மாட் ஆர்க்கைவ் என்ற தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் இருக்கின்றன. சிட் இசைக்கென்றே உள்ள ஹை வோல்டேஜ் தொகுப்பில் 50,000க்கு மேல். சிட் சில்லின் வடிகட்டி ஒவ்வொரு சில்லிலும் சற்று வேறுபடும் என்பதால் அங்கே மட்டும் சிறு ஐயத்துக்கு இடமுண்டு.

அட்டாரிக் கலைஞரின் நிலை வேறு. அவருடைய ஃபிளாப்பியில் இருப்பது சுரப்படுத்திய நோட்டுப் புத்தகம், வாசித்தவர் போய்விட்டார். எந்தச் சின்தசைசர், அதில் எந்த ஒலி என்பது கோப்பில் பெரும்பாலும் இராது. யமஹா டிஎக்ஸ்7 போன்ற கீபோர்டுகள் பயனரின் ஒலிகளைச் சிறு பேட்டரியின் தயவில் நினைவில் வைத்திருந்தன; பேட்டரி தீர்ந்தால் ஒலியும் அழியும். கியூபேஸ் திறக்க, கணினியின் பக்கவாட்டில் ஒரு பூட்டுச் சில்லைச் செருகவேண்டும். அது தொலைந்தால் வாங்கிய மென்பொருளும் திறக்காது. இத்தனைக்கும் அட்டாரி ஃபிளாப்பியைப் பழைய பிசியிலேயே பெரும்பாலும் படித்துவிடலாம். அமிகா ஃபிளாப்பிக்குத்தான் தனிக் கருவி வேண்டும். வட்டைப் படிப்பது எளிதாக இருந்தும் பாட்டைக் கேட்க வழியில்லை.

இதற்குக் காரணம் கலைஞரின் அலட்சியமன்று, கணக்கு. சிடி தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலிக்கு 10 மெகாபைட் வேண்டும். அன்றைய ஃபிளாப்பியின் கொள்ளளவு ஒரு மெகாபைட்டுக்கும் கீழே. ஒலியைச் சேர்த்து வைப்பது என்ற எண்ணமே அப்போது எழ முடியாது. டிராக்கர்காரர்கள் சாம்பிளை எட்டு பிட்டாகச் சுருக்கி, நொடிக் கணக்கில் வெட்டி, வேறு வழியில்லாமல் கோப்புக்குள் திணித்தார்கள். அந்த நெருக்கடியே இன்று காப்பாயிற்று.

1996இல் ஸ்டெயின்பெர்க் விஎஸ்டி என்ற செருகுநிரல் முறையைக் கொண்டுவந்தபின் கருவிகளும் கணினிக்குள்ளேயே வந்துவிட்டன. சிக்கல் தீர்ந்தபாடில்லை. புரொப்பெல்லர்ஹெட் நிறுவனத்தின் புகழ்பெற்ற ரீபர்த் இசை மென்பொருள் 2005இல் நிறுத்தப்பட்டது. 2019இல் மேக் கணினிகள் 32 பிட் மென்பொருள்களைக் கைவிட்டபோது பலருடைய பழைய கருவிகள் ஒரே நாளில் ஊமையாயின.

தமிழ்த் திரையிசைக்கும் இக்கதையில் பங்குண்டு. 1986இல் வெளிவந்த ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ படங்களில் இளையராஜா கணினி இசையைக் கையாண்டார். அடுத்த பத்தாண்டுகளில் ‘கீபோர்டு புரோகிராமர்’ என்ற தொழிலே சென்னையில் நிலைபெற்றது. முடிந்த பாட்டு ஒலிநாடாவில் தங்கிவிட்டது. அதைக் கட்டியெழுப்பிய தடங்களும் ஒலித் தேர்வுகளும் புரோகிராமர்களின் ஃபிளாப்பிகளில் இருந்தவை. நம் இசை ஆய்வாளர்கள் அவற்றைத் தேடவேண்டும்.

அலமாரியில் பழைய ஃபிளாப்பி வைத்திருப்பவர்கள் செய்யவேண்டியது நான்கு. வட்டுகளை உடனே நகலெடுக்கவும்; காந்தப்பூச்சு காத்திருக்காது. பாட்டைப் பொது மிடி கோப்பாகவும் சேமிக்கவும். சின்தசைசர் இன்னும் இயங்கினால் ஒவ்வொரு தடத்தையும் தனித்தனி ஒலிக்கோப்பாகப் பதியவும். எந்தக் கருவி, எந்த ஒலி என்பதை ஒரு தாளில் எழுதி வைக்கவும். இன்று மடிக்கணினியில் இசை செய்பவர்களுக்கும் இதே நான்கும் பொருந்தும். கணினியை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதைப் பிறகு யோசிக்கலாம்.