மன்னன் சிரிக்க மறந்த இடம்

பட்டுத்தறி ஒலிக்கும் காஞ்சியைக் களமாக்கி, ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் வடமொழியில் தீட்டிய நகைச்சுவை நாடகம் ‘மத்தவிலாசப் பிரகசனம்’. கபாலியின் குடிவெறியையும், மதுவும் மாதும் விலக்கப்பட்டனவே என ஏங்கும் பௌத்த பிட்சுவின் போலித் துறவையும் மன்னன் எள்ளி நகையாடுகிறான். முடியணிந்தவனே மதவேடத்தின் முகத்திரையைக் கிழித்தான், பாராட்டுகிறோம்!

ஆனால், மங்கையர் நிலை?

நாடகத்தில் பெண்கள் இருவரே. ஒருத்தி, சூத்திரதாரியின் மூத்த மனைவி. இளையாளைத் தேடிக்கொண்டவன், இவள் சினத்தை நாடகச் செய்தி கூறித் தணிக்கிறான். மற்றொருத்தி, கபாலியின் துணைவி தேவசோமை. போதையில் அவன் பெயரை மாற்றி அழைக்க, ‘வேறொருத்தி உண்டோ?’ என வெகுள்கிறாள். குடியை விடுவேன் என்கிறான் அவன். தன்பொருட்டு நோன்பு கெட வேண்டாமென அவளே தடுக்கிறாள்! கீழே விழுந்தவளைப் பிட்சு தூக்கிவிட்டால், தன் காதலியை அவன் கைப்பிடித்து மணக்கிறான் எனக் கபாலி கூக்குரலிடுகிறான்.

இதுவா காதல்? பிழை ஆணுடையது, பணிவு பெண்ணுடையது. மயக்கத்துக்குக் காதலெனப் பெயரிட்டு, அவள் மனக்குமுறலை நகைப்பாக்கிவிட்டனர்.

மடத்து வாயில்வரை சென்ற மன்னனின் சிரிப்பு, வீட்டுப் படியில் நின்றுவிட்டது. அதே காஞ்சியில் பிறந்த அண்ணா, முதலமைச்சராகி, சுயமரியாதைத் திருமணத்தை 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் செல்லுபடியாக்கினார். ஒருவரையொருவர் ஏற்போம் என இருவரும் சமமாய் உரைக்கும் அந்தச் சொல்லே, தேவசோமைக்குக் கிட்டாத காதல்!