மார்கழி ஸ்டுடியோ

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. பேராவூரணிக் கடைத்தெரு ஸ்டுடியோக்காரர்களுக்குக் கல்யாண மண்டபங்களிலிருந்து விடுப்பு. குடும்பப் படத்தை நின்று நிதானமாக எடுக்க வாய்க்கிற மாதம். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் வந்தவர்கள் அப்பாயியை நடுவில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று கிளம்பி வருவார்கள். படத்தைவிட, அதற்கு முந்தைய கால்மணி நேரம்தான் எனக்குப் பிடிக்கும். தேங்காயெண்ணெய் மினுங்கும் நெற்றிகளைத் துண்டால் ஒற்றச் சொல்வது, முந்தானை மடிப்பை ஓர் அக்காவைக் கூப்பிட்டுச் சரிசெய்யவைப்பது, பெரியவரின் மோவாயை இரண்டு விரலால் நெல்லளவு உயர்த்துவது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைக்கூட “கொஞ்சம் ஒட்டி நில்லுங்க மாமா” என்று தோளோடு தோள் உரசவைத்துவிடுகிற சாமர்த்தியத்தை எந்தப் பஞ்சாயத்திலும் நான் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவருக்கு இளையராஜா இல்லாமல் கை ஓடாது. அலமாரி மேலிருக்கும் சின்ன ஸ்பீக்கரில் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’. 1982-இல் வந்த பாட்டு. அந்தக் கிதாருக்கு இன்னும் வயதாகவில்லை. தொடக்க இசை முடிந்து எஸ்.பி.பி. குரல் எடுக்கும்போது விறைத்த தோள்கள் தாமாகத் தளரும். அப்போதுதான் பொத்தானை அழுத்துவார். குடைவிளக்கு ‘டப்’பென்று வெடிக்கும், மெல்லிய கீச்சொலியோடு அடுத்த வெளிச்சத்துக்குத் தயாராகும். பிறகு கணினியில் கொசுக்கடித் தடிப்புகளை மட்டும் அழிப்பார். அப்பாயியின் சுருக்கங்களைத் தொடமாட்டார், பேரன்கள் எவ்வளவு கேட்டாலும்.