பட்டாவில் இல்லாத மாட்டுக்காரர்

ஆடி பிறந்தால் பேராவூரணி வட்டாரத்தில் மொய் விருந்துப் பந்தல்கள் எழும்பிவிடும். வாசலில் மேசை போட்டு ஒருவர் பணம் எண்ணுவார், ஒருவர் எழுதுவார். ஊர், பெயர், தகப்பனார் பெயர், தொகை. ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பது சகஜம் என்பதால், பெயருக்கு முன்னால் ஓர் அடையாளமும் விழும்: மேலத்தெரு, குளத்தங்கரை, மாட்டுக்கார வீடு. குடும்ப வரலாறு தேடுகிற ஒருவருக்கு அந்தக் கடைசிச் சொல் பெரிய சொத்து. இன்று தென்னந்தோப்பும் சிங்கப்பூர்ச் சம்பளமுமாக இருக்கிற ஒரு குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன் மாட்டு மந்தை வைத்துப் பிழைத்தது என்பதற்கு, பல வீடுகளில் எஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்று அதுவாகவே இருக்கும்.

மொய் நோட்டை நம்பலாம். அதில் இருப்பது திரும்பி வரவேண்டிய பணம். பெயரைத் தவறாக எழுதினால் வரவு போய்விடும் என்பதால், எழுதுகிறவரும் எழுதச் சொல்கிறவரும் கவனமாக இருக்கிறார்கள். அரசாங்க ஏட்டில் ‘ராமசாமி’ என்று மொட்டையாக நிற்கும் மனிதர், மொய் நோட்டில் பட்டப்பெயரோடும் வகையறாவோடும் தெருவோடும் முழு ஆளாக வருவார்.

முன்னோரைத் தேடுவதென்றால் பட்டா, சிட்டா, பத்திரம் என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். உழுத குடும்பத்துக்கு அது சரி. மாடு மேய்த்த, மந்தை வைத்திருந்த குடும்பத்துக்கு அந்த வழி பாதியிலேயே அடைத்துக்கொள்ளும். தஞ்சாவூர்ச் சீமையின் நிர்வாகம் எந்த ஆட்சியிலும் நிலத்தைத்தான் முதலில் பார்த்தது. வேலி, மா, குழி என்று அளந்தது. அளந்த நிலத்துக்குத் தீர்வை போட்டது. தீர்வை கட்டியவன் பெயரை எழுதி வைத்தது. அறுபது மாடு வைத்திருந்தவருக்கு நிலம் ஒரு மா கூட இல்லாமல் இருக்கலாம். அவர் மாடு மேய்ந்தது மேய்க்கால் புறம்போக்கிலும் ஏரி உள்வாயிலும் அறுவடை முடிந்த பிறர் வயலிலும். கணக்கில் அவருக்கு இடமில்லை. அவரைத் தேட வேண்டியது ஏடுகளின் ஓரங்களில்.

பேராவூரணிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். டெல்டா என்றதும் கண்ணில் வரும் பச்சை வயல் இந்தப் பக்கத்துக்குப் புதிது. கல்லணையிலிருந்து புறப்படும் கல்லணைக் கால்வாய், ஊர்ப் பேச்சில் புது ஆறு, மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டது. 1934 ஆகஸ்டில் மேட்டூர் அணை திறந்த பிறகே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மேட்டு நிலங்களுக்குக் காவிரித் தண்ணீர் ஒழுங்காக எட்டியது. சுமார் 150 கி.மீ. ஓடிவரும் கால்வாயின் கடைமடைப் பகுதி இது. அதற்கு முன்பு ஏரிப் பாசனமும் மானாவாரியும் முள்காடும் பொட்டலுமாகக் கிடந்த பூமி. மாட்டுக்குத் தோதான பூமி. புது ஆறு வந்ததும் மேய்ச்சல் நிலம் நஞ்சையாயிற்று. மாட்டுக்காரர் குடியானவரானார், அல்லது கப்பலேறினார்.

இந்த மாற்றத்தைத் தாளில் தொட்டுப் பார்க்கலாம். வருவாய்த் துறைக்குப் பசலி ஆண்டு ஜூலை 1இல் பிறக்கும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. மேட்டூர்த் தண்ணீர் வந்தது பசலி 1344. ஒரு கிராமத்தின் ‘அ’ பதிவேடும் அடங்கலும் அந்தப் பசலிக்கு முன்னும் பின்னும் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். முன்னதில் தரிசு, மேய்க்கால், மந்தைவெளி என்று நிற்கும் புல எண்கள் பின்னதில் என்ன ஆயின, யார் பெயருக்குப் போயின, யாருக்கு ‘பி’ மெமோ எனும் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுக்கப்பட்டது என்று பார்த்தால், மந்தை சுருங்கிய கதை தானாக விரியும். புறம்போக்கில் கொட்டில் போட்டிருந்ததற்காகத் தண்டத் தீர்வை கட்டியவராகத் தாத்தா முதன்முதலில் தட்டுப்பட்டால் அதில் குறைவு எதுவும் இல்லை. அவர் அங்கே இருந்தார் என்பதற்கு அரசாங்கமே கையெழுத்துப் போட்ட சாட்சி அது.

ஆண்டுக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் பசலியும் சொல்ல மாட்டார்கள், ஆங்கில ஆண்டும் சொல்ல மாட்டார்கள். “தாது வருசத்துல மாடெல்லாம் செத்துப்போச்சு” என்பார்கள். தாது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1876-77 ஒரு தாது, பெரும் பஞ்சம் தொடங்கிய ஆண்டு. 1936-37 இன்னொரு தாது. கதை எந்தத் தாதுவைச் சேர்ந்தது என்று தீர்மானிக்காமல் எழுதினால் ஒரு தலைமுறையே இடம் மாறிவிடும். புயலை வைத்துச் சொல்வது இன்னும் உதவும். 1952 நவம்பர் கடைசியில் ஒன்று, 1977 நவம்பரில் ஒன்று, 2018 நவம்பர் 16இல் கஜா. “அம்பத்திரண்டு புயலுக்கு நான் கைப்புள்ள” என்று ஒரு பாட்டி சொன்னால், பிறப்புச் சான்றிதழ் இல்லாத இடத்தில் அதை விடத் துல்லியம் எதிர்பார்க்க முடியாது.

மாட்டுக்காரரை நேராகவே குறித்துவைத்த ஓர் ஏடும் இருந்தது. பட்டி ஏடு. மாடு பிறர் பயிரில் இறங்கினால் ஓட்டிக்கொண்டுபோய்ப் பட்டியில் அடைப்பார்கள், பேச்சில் ‘பவுண்டு’. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் பட்டிக் காவலர் என்ன எழுத வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறது: பிடித்துவந்த மாடுகளின் எண்ணிக்கை, அடையாளம், கொண்டுவந்த நாள், நேரம், பிடித்தவரின் பெயர், ஊர், தெரிந்தால் மாட்டுக்குரியவரின் பெயர், ஊர். ஒரு குற்றத்துக்காக எழுதப்பட்ட ஏடுதான். ஆனால் மந்தையின் நிறம், தொகை, சொந்தக்காரரின் ஊர், அவருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் இருந்த உறவு எல்லாம் அதில் ஒரே வரியில் நிற்கும். உள்ளாட்சி அலுவலகங்களின் பழைய கட்டுகளில் இத்தகைய ஏடு ஒன்று தப்பித்துக் கிடந்தால் அதைப் பொன்னாக மதிக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கில் வெறும் தொகையாக இருந்தாலும் பயன் உண்டு. எந்த மாதம் அபராத வரவு ஏறுகிறதோ, அது நடவுக்குப் பிந்திய, மேய்ச்சலுக்கு இடமில்லாத மாதம்.

பதிவுத்துறைப் பத்திரங்கள் இன்னொரு ஓரம். பத்திரத்தில் ஆளை அடையாளம் காட்டும்போது தகப்பனார் பெயர், குடியிருப்பு, தொழில் எழுதுவது நெடுநாள் வழக்கம். ‘விவசாயம்’, ‘வியாபாரம்’, கையில் காசு இருந்தவருக்கு ‘சுகஜீவனம்’. அதே ஆள் பத்து ஆண்டு இடைவெளியில் எழுதிய இரண்டு பத்திரங்களில் தொழில் மாறியிருந்தால் அந்த இடைவெளியில் மந்தை விற்றுப்போயிருக்கலாம். வில்லங்கச் சான்று கேட்கும்போது அவர் வாங்கிய நிலத்தோடு நிறுத்திவிடாமல் ஈடு வைத்ததையும் மீட்டதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துகளை விட்டுவிடக் கூடாது. சாட்சி போட்டவர் பெரும்பாலும் பங்காளி அல்லது மைத்துனர்; குடும்ப மரத்தின் காணாமற்போன கிளை அந்தப் பக்கத்தின் அடியில் இருக்கும்.

சாட்சியை வைத்து மாட்டுக்காரரைக் கண்டுபிடிப்பது தஞ்சாவூருக்குப் புதிதல்ல, ஆயிரம் ஆண்டுப் பழக்கம். பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் சிலவற்றைப் பொறுமையாகப் படித்தால் அங்கே மன்னனை விட இடையர்கள் அதிகம். ஒரு நந்தா விளக்குக்குத் தினமும் ஓர் உழக்கு நெய். அதற்காக ஒருவரிடம் 96 ஆடு ஒப்படைக்கப்படும். பசுவானால் 48, எருமையானால் 16. ஒப்படைத்ததோடு விடவில்லை. பெற்றுக்கொண்ட இடையரின் பெயர், அவர் இருந்த இடம், அவர் தவறினால் பொறுப்பேற்கும் ‘அடைகுடி’களின் பெயர், அந்த அடைகுடி தம்பியா சிற்றப்பன் மகனா என்ற உறவு வரை கல்லில் வெட்டிவைத்தார்கள். சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் சொல்லும் அந்த மந்தையின் தொகை குறையக் கூடாது என்பதால் மேய்த்தவரின் குடும்பம் எழுத்தில் ஏறியது. இன்றைய குடும்பம் எதுவும் அந்தப் பட்டியலில் தன் முன்னோரைச் சுட்டிக்காட்ட முடியாது. நடுவில் ஆயிரம் ஆண்டு அறுந்து கிடக்கிறது. ஆனாலும் இந்த மண்ணில் மாட்டுக்காரரின் பெயர் எப்போது எழுதப்படுகிறது என்ற கேள்விக்கு அந்தச் சுவர் அன்றே பதில் வைத்திருக்கிறது. அவர் யாருக்கோ கடன்பட்டிருக்கும்போது.

வீட்டுக்குள் வந்தால் தேடவேண்டிய இடம் பரண். தகரப் பெட்டியைத் திறந்தால் ஜாதகக் குறிப்புகள், தீர்ந்துபோன புரோநோட்டுகள், கல்யாணத்தில் எழுதிய சீர்வரிசைப் பட்டியல். பெண்களின் தடம் அதிகம் கிடைப்பது அந்தப் பட்டியலில்தான். ‘பசுவும் கன்றும் ஒன்று’ என்று எழுதியிருந்தால் அந்தப் பசு எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்தது, அதன் வழியே புகுந்த வீட்டில் பால் வியாபாரம் எப்போது தொடங்கியது என்று பின்தொடரலாம். மந்தையைத் தாத்தா பெயரில் சொல்கிறார்களே தவிர, மோர் கடைந்து தெருத்தெருவாக விற்றுக் குடும்பத்துக்குக் காசு பார்த்தவள் ஆச்சிதான். அவள் பெயர் பல வீடுகளில் யாருக்கும் நினைவில்லை என்பது நெஞ்சை உறுத்துகிறது. குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டும் கட்டாயம் பார்க்க வேண்டியது. கலியாணமான ஆணுக்கு ஒரு வரி என்பதால் எந்த ஆண்டில் யார் புதிதாகச் சேர்ந்தார், யார் பெயர் நின்றுபோயிற்று என்று அதில் தெரியும்.

மாட்டைப் பற்றிய எழுத்தும் ஆளைக் காட்டும். சென்னை மாகாணக் கால்நடை மருத்துவத் துறையின் டபிள்யூ. டி. கன் 1909இல் தென்னிந்திய மாடுகள் பற்றி எழுதினார், ஆர். டபிள்யூ. லிட்டில்வுட் 1936இல் தென்னிந்தியக் கால்நடைகள் பற்றி எழுதினார். கீழத்தஞ்சையின் உம்பளச்சேரி மாட்டை இன்று ஓர் இனமாக எல்லாரும் அறிவார்கள். ஜாதி மாடு, மொட்டை மாடு, தெற்கத்தி மாடு என்றும் அதற்குப் பெயர். சிவப்பாகப் பிறக்கும் கன்று சில மாதங்களில் சாம்பலாகிவிடும். நெற்றியில் வெள்ளைப் பொட்டு. காளையின் கொம்பைச் சிறுவயதிலேயே எடுத்துவிட்டுக் காதையும் நறுக்குவார்கள். “தாத்தா வச்சிருந்ததெல்லாம் மொட்டை மாடு” என்று வீட்டில் சொன்னால், அவர் வண்டி மாட்டுக்கல்ல, சேற்று உழவுக்கு மாடு பழக்கி விற்றவர் என்று ஊகிக்கலாம். அமெரிக்காவின் டெக்சஸ் பக்கம் மாட்டுக்குப் போடும் சூட்டுக்குறியை வட்டார அலுவலகத்தில் படம் வரைந்து பதிந்துவைத்தார்கள். அங்கே ஒரு பேரன் குறியைப் பார்த்துக் கொள்ளுத் தாத்தாவைக் கண்டுபிடித்துவிடலாம். இங்கேயும் சூடு போட்டார்கள், குறி இருந்தது. பதிய அலுவலகம் இல்லை. அந்தக் குறிகளை நினைவில் வைத்திருக்கும் முதியவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொல்வது உடனே செய்ய வேண்டிய வேலை.

எல்லாரிலும் தேடக் கடினமானவர் கிடைக்காரர். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து ஆட்டையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வருவார்கள். வயலில் ராத்தங்க வைத்தால் எரு. ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று நெல்லாகவோ பணமாகவோ கூலி. பேச்சு வாய்ப்பேச்சு. சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவல் இந்த வாழ்க்கையை உள்ளிருந்து சொல்கிறது. ஒரு கிடைக்காரர் பேராவூரணிப் பக்கமே நின்றுவிட்டவர் என்றால் அவர் குடும்பத்துக்கு இரண்டு ஊர் ஏடு வேண்டும். இங்கே மிராசுதார் வீட்டுச் செலவு நோட்டில் ‘கிடைக்கு’ என்று எழுதிய வரி. அங்கே சொந்த ஊர்க் கோயிலின் வரி நோட்டு. இரண்டும் சேர்ந்தால்தான் ஆள்.

கப்பலேறியவர்களின் தடம் கடலுக்கு அப்பால். 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் எத்தனையோ பேரை ஏற்றிச் சென்றது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒருகாலத்தில் மாட்டுத் தொழுவங்கள் நிறைந்த இடம். எருமைச் சாலை என்ற தெருப் பெயரும், எருமைப் பட்டி என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயரும் இன்றும் இருக்கின்றன. மாடு தெரிந்த கைக்கு அங்கே வேலை இருந்தது. 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’வின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் கணினியில் ஏற்றியிருக்கிறது. மரண அறிவித்தலில் சொந்த ஊர் பெயர் எழுதுவது தமிழர் வழக்கம் என்பதால் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுவது நல்ல தொடக்கம்.

நேரம் அதிகமில்லை. 1980இல் பரம்பரைக் கர்ணம், பட்டாமணியார் பதவிகள் ஒழிந்தபோது அந்த வீடுகளில் இருந்த சொந்தக் குறிப்புகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பின்னால் வந்த பட்டாவே இன்று எல்லார் கையிலும். அதற்கு முன் இறந்தவரின் பெயர் அதில் பெரும்பாலும் வராது. பழைய ‘அ’ பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட ஆவணக் காப்பகத்திலோ எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். கஜா பேராவூரணியில் தென்னையைச் சாய்த்த இரவில் ஓட்டு வீடுகளின் கூரையும் போனது. பரண் இருந்தது அந்தக் கூரைக்கு அடியில்.

இப்போது மொய் எழுதும் இடத்தில் கணினி வந்துவிட்டது. பெயரும் ஊரும் தொகையும் அச்சான ரசீதாக உடனே கைக்கு வருகிறது. மாட்டுக்கும் எண் வந்துவிட்டது. தடுப்பூசி போட வருகிறவர் காதில் மஞ்சள் வில்லை ஒன்றை மாட்டுகிறார்; பன்னிரண்டு இலக்கம். அந்த எண்ணோடு மாட்டுக்குரியவரின் பெயர், ஊர், மாட்டின் இனம், வயது எல்லாம் பதிவாகின்றன. வீட்டில் அந்த மாட்டை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை மட்டும் யாராவது மொய் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தால் உண்டு.