இளமையைப் புட்டியில் அடைக்க முடியுமா?

முகப்பூச்சு விளம்பரங்கள் பற்றி ஒரு திறனாய்வு

அறுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். முதலில் அவருடைய புறங்கையைக் கவனியுங்கள். சுருக்கங்களும் ஆங்காங்கே கரும்புள்ளிகளும் தென்படும். தோலை இரு விரல்களால் மெல்லத் தூக்கி விட்டால் அது மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். அடுத்து மேற்கையின் உட்புறத்தை, அதாவது அக்குளை அடுத்த பகுதியைப் பாருங்கள். அங்கும் தோல் மெலிந்து சற்றே தளர்ந்திருக்கும். ஆனால் நிறம் சீராகவும் பரப்பு வழவழப்பாகவும் இருக்கும். இரண்டும் ஒரே பாட்டியின் தோல்தான். இரண்டுக்கும் ஒரே வயதுதான். பின் ஏன் இந்த வேறுபாடு?

இக்கேள்விக்கு விடை தெரிந்த ஒருவர், ‘இளமை தரும்’ முகப்பூச்சுகளின் விளம்பரங்களை எளிதில் எடைபோட்டுவிடலாம். ஒரு நூலுக்கு மதிப்புரை எழுதும்போது அதன் சொற்களையும் சான்றுகளையும் சோதித்துப் பார்க்கிறோம் அல்லவா? இவ்விளம்பரங்களையும் அவ்வாறே சோதிப்பது இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் வழியில் படித்த நமக்கு இது மிகவும் தேவை. ‘கொலாஜன்’, ‘ரெட்டினால்’, ‘பெப்டைடு’ போன்ற சொற்கள் விளம்பரத்தில் வரும்போது அவற்றின் பொருள் சொல்லப்படுவதில்லை. பொருள் விளங்காத சொல் மந்திரம்போல் மயக்குகிறது. விளம்பரம் எழுதுவோர் விரும்புவதும் அதுதான்.

தோலுக்கு நேர்வது என்ன?

தோல் இரண்டு முக்கிய அடுக்குகளால் ஆனது. மேலே உள்ளது மேல்தோல். அதன் உச்சியில் இறந்த உயிரணுக்களால் ஆன மெல்லிய படலம் ஒன்று உள்ளது. இதன் தடிமன் உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். ஆனாலும் உடலின் நீர் வெளியேறாமலும், வெளிப்பொருள்கள் உள்ளே புகாமலும் காக்கும் மதில் இதுவே.

இதன் கீழ் இருப்பது உள்தோல். இங்கே கொலாஜன் என்ற புரதம் கயிற்று இழைகளைப் போலப் பின்னிக் கிடக்கிறது. தோலுக்கு உறுதி தருவது அது. எலாஸ்டின் என்ற மற்றொரு புரதம் ரப்பரைப் போல் மீள்தன்மை தருகிறது. இவ்விரண்டையும் உண்டாக்குபவை நார்மூல உயிரணுக்கள்.

வயது ஏற ஏற இந்த உயிரணுக்களின் வேலை குறைகிறது. தோலின் ஒவ்வொரு சதுரச் சென்டிமீட்டரிலும் உள்ள கொலாஜன், வயது வந்த பின் ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு குறைந்துவருவதாக ஷூஸ்டர் முதலிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1975-இல் கணக்கிட்டனர். முப்பதுகளில் கண்ணின் ஓரத்தில் மெல்லிய கோடுகள் தோன்றுகின்றன. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் சில ஆண்டுகள் கொலாஜன் இழப்பு விரைவாக நடைபெறுகிறது. அறுபதுக்குப் பிறகு எண்ணெய்ச் சுரப்பு குறைந்து தோல் வறள்கிறது. முகத்தில் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பும் குறைகிறது. காயங்கள் ஆறுவதற்கு நாள் பிடிக்கிறது. இவை யாவும் காலத்தால் வரும் மூப்பு. பாட்டியின் மேற்கை உட்புறத்தில் நாம் கண்டது இதுவே.

புறங்கையில் கண்டது வேறு. அது வெயிலால் வந்த மூப்பு. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களில் 315 முதல் 400 நானோமீட்டர் அலைநீளம் உள்ளவை ‘ஏ’ வகை. இவை உள்தோல்வரை ஊடுருவும். அங்கே கொலாஜனை வெட்டிச் சிதைக்கும் நொதிகளை இவை தூண்டிவிடுகின்றன. ‘ஏ’ வகைக் கதிர்கள் சாதாரணக் கண்ணாடியையும் கடந்து வருபவை. இதற்குச் சான்றான ஒரு படம் 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் முகப்படம் அது. சன்னலை ஒட்டியிருந்த இடக்கன்னம் ஆழ்ந்த மடிப்புகளுடன் காணப்பட, வலக்கன்னம் பல ஆண்டுகள் இளமையாகத் தோன்றியது.

இனி விளம்பரங்களுக்கு வருவோம்.

நான்கு சொற்கள், நான்கு கேள்விகள்

முதல் சொல்: ‘கொலாஜன் நிறைந்தது’. இழந்த பொருளை மேலே பூசினால் ஈடாகிவிடும் என்பது இதன் உட்கருத்து. கேட்பதற்குப் பொருத்தமாகவே உள்ளது. ஆனால் முன்னர்ச் சொன்ன மதிலை மறந்துவிடக் கூடாது. மூலக்கூறு எடை 500 டால்ட்டனுக்கு மேற்பட்ட பொருள்கள் காயமற்ற தோலைக் கடப்பது மிக அரிது என்று போஸ், மெய்னார்டி என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் எடுத்துக்காட்டினர். கொலாஜன் மூலக்கூறின் எடையோ ஏறத்தாழ 3,00,000 டால்ட்டன். சாவித் துளை வழியே யானையை உள்ளே அனுப்புவது போன்றதுதான் இது. பூசிய கொலாஜன் மேலேயே தங்கி நீரைப் பிடித்து வைக்கும். முகத்தைக் கழுவினால் போய்விடும்.

இரண்டாம் சொல்: ‘தோற்றம்’. பல விளம்பரங்களைக் கூர்ந்து படித்தால், ‘சுருக்கங்களைக் குறைக்கும்’ என்று இராது. ‘சுருக்கங்களின் தோற்றத்தைக் குறைக்கும்’ என்றே இருக்கும். இந்த ஒரு சொல்லில் முழுச் சூட்சுமமும் அடங்கியிருக்கிறது. எந்த ஈரப்பசைப் பூச்சும் மேல்தோலில் நீரைத் தேக்கி அதைச் சற்றே உப்பச் செய்யும். அதனால் மெல்லிய கோடுகள் சில மணி நேரம் மறையும். ஆகவே விளம்பரம் பொய் சொல்லவில்லை. ஆனால் இதே பலன் விலை குறைந்த சாதாரணப் பூச்சிலும் கிடைக்கும் என்பதை அது சொல்வதில்லை.

மூன்றாம் சொல்: ‘சோதிக்கப்பட்டது’. எதற்காகச் சோதிக்கப்பட்டது? ‘தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது’ என்ற தொடர், அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்த்த சோதனையையும் குறிக்கலாம். ‘பத்தில் ஒன்பது பெண்கள் ஒப்புக்கொண்டனர்’ என்பதும் இத்தகையதே. பூச்சு கலக்காத வெறும் பசையைப் பூசிக்கொண்ட மற்றொரு பத்துப் பெண்களிடமும் கேட்டார்களா? ஒப்பிட ஒரு குழு இல்லாவிட்டால் அது கருத்துக் கேட்பே தவிரச் சோதனை ஆகாது. இதைப் பள்ளி மாணவரும் அறிவர்.

நான்காம் சொல்: ‘மரபணு’. லோரியல் நிறுவனத்தின் லங்கோம் பிரிவு, தன் ‘ஜெனிஃபீக்’ என்ற பொருள் மரபணுக்களின் செயலைத் தூண்டும் என்றும், ஏழே நாளில் தோல் இளமையாகக் காணப்படும் என்றும் அமெரிக்காவில் விளம்பரம் செய்தது. இவ்வகை உரிமைகோரல்களுக்கு ஆதாரம் இல்லை என்று அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. தகுந்த அறிவியல் சான்று இல்லாமல் இனி அவ்வாறு கூறுவதில்லை என்று 2014-இல் அந்நிறுவனம் உடன்பட்டது.

படங்களும் சொற்களைப் போன்றவையே. 2011-இல் பிரிட்டனின் விளம்பரத் தர அமைப்பு, நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் தோன்றிய லங்கோம் விளம்பரம் ஒன்றை நிறுத்தியது. படம் மெருகூட்டப்பட்ட பின்னும் பொருளின் உண்மைப் பலனையே காட்டுகிறது என்பதை நிறுவனத்தால் மெய்ப்பிக்க இயலவில்லை. 2017 முதல் பிரான்சில், விளம்பர மாதிரியரின் உடலமைப்பைத் திருத்திய படங்களில் ‘திருத்தப்பட்ட படம்’ என்று குறிப்பிட வேண்டும் என்பது சட்டம்.

சட்டம் போட்ட கோடு

விளம்பரங்கள் இவ்வாறு நழுவிப் பேசுவதற்குச் சட்டமும் ஒரு காரணம். இந்தியாவின் 1940-ஆம் ஆண்டு மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தின்படி, ஒப்பனைப் பொருள் என்பது உடலைத் தூய்மைப்படுத்தவும், அழகுபடுத்தவும், தோற்றத்தை மாற்றவும் பூசப்படுவது. உடலின் அமைப்பை அல்லது இயக்கத்தைப் பாதிப்பதற்கான பொருள் மருந்தாகக் கருதப்படும். அதற்கு வேறு சோதனைகள், வேறு கட்டுப்பாடுகள் உண்டு. மேலும் 1945-ஆம் ஆண்டு விதிகளின் ‘ஜே’ அட்டவணை, எந்த மருந்தும் நீக்குவதாகவோ தருவதாகவோ கூறக்கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. அதில் முன்முதுமை, மீண்டும் இளமையாக்கும் ஆற்றல், தோல் சிவப்பு ஆகியவை அடங்கும். மருந்துக்கே அனுமதி இல்லாத வாக்கை முகப்பூச்சு எப்படித் தருவது? எனவேதான் ‘தோற்றம்’, ‘பொலிவு’, ‘ஒளிர்வு’ போன்ற அளக்க முடியாத சொற்கள் தேவைப்படுகின்றன.

எதனால் பயன் உண்டு?

எல்லாம் ஏமாற்று என்று ஒதுக்கிவிடுவதும் அறிவியல் ஆகாது. சான்றுள்ள வழிகள் சில உள்ளன.

ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை ஓர் ஆய்வு நடந்தது. 55 வயதுக்குட்பட்ட 903 பேரின் புறங்கைத் தோல் சிலிக்கோன் அச்சில் வார்த்துப் பார்க்கப்பட்டது. நாள்தோறும் வெயில்காப்புப் பூச்சு பூசியவர்களிடம், விருப்பம்போல் பூசியவர்களைவிட மூப்பு 24 விழுக்காடு குறைவாக இருந்தது. முடிவுகள் 2013-இல் வெளியாயின. விளம்பரக் கணக்குகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: யார் எக்குழு என்பது சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவாயிற்று, ஒப்பீட்டுக் குழு இருந்தது, நான்கரை ஆண்டுகள் காத்திருந்தனர்.

ஆனால் இம்முடிவையும் அப்படியே நம் நாட்டுக்குப் பெயர்த்துவிடக் கூடாது. அங்கே சோதிக்கப்பட்டது பெரும்பாலும் வெளிர்தோல். நம் தோலில் மிகுந்துள்ள மெலனின் நிறமி இயற்கையாகவே ஒரு காப்பு. அதனால் நமக்குச் சுருக்கங்கள் காலம் தாழ்ந்தே வருகின்றன. கரும்புள்ளியும் மங்கும் முன்னதாக வருகின்றன. குடை, முழுக்கை உடை, தலைத்துண்டு, நண்பகலில் நிழல் ஆகியவை எத்தோலுக்கும் உதவும், செலவும் குறைவு.

ட்ரெட்டினாயின் என்ற வைட்டமின் ‘ஏ’ அமிலம் வெயில் மூப்பைக் குறைப்பதாக அமெரிக்க மருத்துவர் கிளிக்மன் குழுவினர் 1986-இல் அறிவித்தனர். பின்வந்த ஆய்வுகளும் அதை உறுதிசெய்தன. இதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 300 டால்ட்டன், அதாவது கொலாஜனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆதலால் அது உள்ளே செல்ல முடிகிறது. ஆனால் இது மருந்து, எரிச்சல் தரும், கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டும், மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. புகை பிடிப்பதை விடுவதும் தோலுக்கு நல்லது. புகைப்போர் முகத்தில் விழும் தனிவகைச் சுருக்கங்களை 1985-இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு மருத்துவர் விவரித்துள்ளார்.

விளையாட்டு அன்று

பலன் இல்லாத பூச்சால் பணம் மட்டும் போனால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இளமைப் பூச்சுக்குப் பக்கத்திலேயே, அதே தட்டில், ‘ஒரே வாரத்தில் சிவப்பு’ என்று மலிவான களிம்புகளும் விற்கப்படுகின்றன. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரக வடிகட்டிப் படலத்தைத் தாக்கும் ஒருவகை நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு இந்நோயின் அரிய வகை ஒன்று காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர், நோய்க்குறிகள் தோன்றுமுன் தோலை வெளுக்கும் களிம்பு பூசியவர்கள். ஐயத்துக்கு உரிய பொருள் பாதரசம். அது மெலனின் உண்டாவதைத் தடுத்து நிறத்தை வெளுக்கச் செய்யும். தோல் வழியே உடலில் புகுந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். தோலை வெளுக்கும் ஒப்பனைப் பொருள்களில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருப்பதை மினமாட்டா உடன்படிக்கை 2020-க்குப் பின் விலக்கியுள்ளது. விலக்கிய பொருளும் சந்தைக்கு வந்துவிடுகிறது.

ஸ்டீராய்டு கலந்த களிம்புகளின் கதை இன்னும் விந்தையானது. முதல் சில வாரங்கள் முகம் தெளிவாகும். தொடர்ந்து பூசினால் அது கொலாஜன் உற்பத்தியைக் குறைத்துத் தோலை மெலியச் செய்யும். இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். மூப்பு பல ஆண்டுகளில் செய்வதை இக்களிம்பு சில மாதங்களில் செய்துவிடுகிறது. 2018-இல் இந்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என்று ஆணையிட்டது இதனால்தான்.

ஆகவே வாசகர்கள் அடுத்த முறை ஒரு முகப்பூச்சுப் பெட்டியைக் கையில் எடுக்கும்போது நான்கு கேள்விகள் கேட்கட்டும். இதில் உள்ள பொருள் தோலைக் கடக்குமா? மாறுவது தோலா, தோற்றமா? எக்குழுவோடு ஒப்பிட்டார்கள்? தயாரித்தவர் பெயரும் சேர்பொருள்களின் பட்டியலும் பெட்டியில் உள்ளனவா? கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்ற விடை வந்தால், பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவது நலம்.

ஐயம் இன்னும் இருந்தால் பாட்டியின் கையை மீண்டும் ஒருமுறை பாருங்கள். மேற்கையின் உட்புறத்தில் அவர் எந்தக் களிம்பும் பூசியதில்லை. அறுபது ஆண்டுகளாக அங்கே வெயில் படவில்லை, அவ்வளவே.