வலவ்வையும் லயமும்

இரத்தினபுரித் தேசிய நூதனசாலை எஹெலேபொல வலவ்வையில் அமைந்துள்ளது. 1988இல் திறக்கப்பட்ட இந்நிலையத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லும் நம்மில் பலர் பொருள்களைக் காட்டிவிட்டுக் கட்டடத்தைக் காட்டாது திரும்பிவிடுகின்றோம். கட்டடமே அங்குள்ள முதற் காட்சிப்பொருள் என்பது நமது துணிபு.

எஹெலேபொல சப்பிரகமுவவின் திசாவையாக இருந்தவர். 1814இல் மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனுக்கு எதிராக எழுந்து ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். கண்டியில் அவர்தம் மனைவியும் மக்களும் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு கண்டி வீழ்ந்தது. நாயக்கர் மரபினனான மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். அந்நியனுக்கு வழிகாட்டிய பிரதானிக்கோ மொறீசியசுத் தீவே கிடைத்தது. 1829இல் அங்கு கண்மூடினார். தமிழகத்துக்கு அரசனை நாடு கடத்திய அதே ஆட்சியின் நிழலில்தான், 1820களில் தொடங்கி, கோப்பித் தோட்டங்களுக்கென உழைப்பாளர் அங்கிருந்து இங்கு கொண்டுவரப்பட்டனர். இவ்வலவ்வையின் கதை நம் லயங்களின் கதைக்கு முன்னுரையன்றோ!

உள்ளே இயற்கை, தொல்வரலாறு, மாணிக்கத் தொழில், மரபுக் கலைகள் ஆகியன பேரிடம் பெறுகின்றன. மாணிக்கம் தேடுவோர் தோண்டியெடுக்கும் சரளைப் படைக்குச் சிங்களத்தில் 'இல்லம' என்று பெயர். (தமிழ்ச் செவிக்கு அது வீடாக ஒலிப்பதும் ஒரு விந்தையே.) காண்டாமிருகம், நீர்யானை, சிங்கம் என இலங்கையில் அற்றுப்போன விலங்குகளின் எச்சங்கள் இரத்தினபுரிப் படிவுகளிலிருந்தே வெளிப்பட்டன. அவற்றை உலகறியச் செய்த பி. இ. பி. தெரணியகலவின் உழைப்பு வணக்கத்துக்குரியது. மாணிக்கக் குழியில் இறங்குவோன் விளைவில் பங்கு பெறும் வழக்கமும் மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது. மலைக்கு மேலே நாட்கூலிக்கு நிற்பவனின் பிள்ளைகள் அவர்கள். இரண்டையும் ஒப்பிட அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆயினும் ஒன்று கேட்போம். அற்றுப்போன சிங்கத்துக்கு அறையுண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பின்னர் என்று மூட்டைக் கணக்கில் பங்கிடப்பட்ட மனிதருக்கு எந்த அறை? வலவ்வையில் தோட்டத்தைத் தேடுவது பொருந்தாது என்பாருமுளர். பிரதானியின் இல்லமாக மட்டும் இருந்தால் அவ்வாதம் நிற்கும். தேசிய நூதனசாலை என்று பெயர் சூட்டியபின் நில்லாது.

காட்டுவதற்குப் பொருளா இல்லை? இறப்பர்ப் பால் வெட்டிய கத்தி, பால் சொட்டிய சிரட்டை, கொழுந்துக் கூடை, தப்பு. இவற்றோடு 'துண்டு' என்ற சிறு காகிதமும் உண்டு. கங்காணியின் ஆட்கள் மீதுள்ள கடன் தொகையை அது காட்டும்; அத்தொகையைச் செலுத்தினால் வேறொரு தோட்டம் அவர்களை எடுத்துக்கொள்ளலாம். 1921இல் இம்முறை ஒழிக்கப்பட்டது. ஒரு பிரதானியின் வாளைவிட அக்காகிதம் இம்மாகாண வரலாற்றைத் தெளிவாகப் பேசும்.

எஞ்சியவை குறைவென்பதும் உண்மையே. 1977இலும் 1981இலும் 1983இலும் சப்பிரகமுவத் தோட்ட மக்கள் மீது வன்முறை பாய்ந்தது. உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடியவர் கூடையையும் தப்பையும் எடுத்தா ஓடுவர்? கம்பளைக்கு அருகே நியூபீகொக் தோட்டத்தில் பழைய லயமொன்றே தொழிலாளர் நூதனசாலையாக்கப்பட்டுள்ளது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலும் அவ்வாறு ஒரு லயத்தையேனும் இடியாமற் காக்கலாம். பழைய கத்திகளும் செக்றோல் புத்தகங்களும் இன்னும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. இப்போதைக்கு அவற்றை விலை கேட்டு வருபவன் பழைய இரும்புக்காரன் ஒருவனே.