நடுநிசியில் பேசிய பெண்கள்

தமிழ்ப் பெண்ணின் மேடை நகைச்சுவை சென்னைக் காபிக் கடைகளிலும் யூடியூபிலும்தான் பிறந்தது என்ற பேச்சு இப்போது வலுத்திருக்கிறது. வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் பொங்கல் சாட்டி ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். இரவு பத்து மணிக்குமேல் பபூன் தனியாக வந்து பேசிக் கூட்டத்தைப் பிடிப்பார். அடுத்து வரும் டான்ஸ்காரம்மா அவரை மடக்குவார். நள்ளிரவில், ‘வள்ளி திருமண’த்தில், வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம். ஒத்திகை கிடையாது. தனித்தனியே அழைக்கப்பட்ட நடிகர்கள் அன்றுதான் ஒன்றாக மேடையேறுகிறார்கள். எதிராளியின் கேள்விக்கு அந்த நொடியில் பதில் பிறக்க வேண்டும். தூங்கப் போகிற கூட்டத்தை அந்தப் பதில் உட்காரவைக்க வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நகைச்சுவைக்காரி ஜோன் ரிவர்ஸ் 1986இல்தான் தன் பெயரில் இரவு நிகழ்ச்சி நடத்த வந்தார்; மறு ஆண்டே ஃபாக்ஸ் அவரை விலக்கிவிட்டது. நம் வள்ளிகள் அதற்குப் பல தலைமுறை முன்பே விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மேடையிலிருந்து வந்த கே. பி. சுந்தராம்பாளின் பாட்டை வைத்துக்கொண்டு பேச்சை மறந்தோம். என்.எஸ். கிருஷ்ணன் சிறையில் இருந்தபோது நாடகக் குழுவைத் தாங்கிய டி. ஏ. மதுரத்தை வெறும் ஜோடியாக்கினோம். நாடகத்திலிருந்து 1958இல் ‘மாலையிட்ட மங்கை’க்கு வந்த மனோரமா, பத்தாண்டு கழித்து ஜில் ஜில் ரமாமணியாக ஒரு நாடகக்காரியின் கெத்தையும் காயத்தையும் சேர்த்துத் திரையில் வைத்தார். ‘சதி லீலாவதி’யில் (1995) கோவை சரளாவின் கொங்குத் தமிழ் கமல்ஹாசனுக்கு ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இவர்கள் பேசியது பெரும்பாலும் ஆண்கள் எழுதிய வசனம்.

சொந்தப் பேச்சோடு வந்த அறந்தாங்கி நிஷாவை நான் முக்கியமாகக் கருதுவது இதனால்தான். பட்டிமன்றப் பேச்சாளராக இருந்து விஜய் டிவியின் ‘கலக்கப்போவது யாரு’வுக்கு வந்தவர். மாமியார், கணவன், ரேஷன் கடை என்று எதை எடுத்தாலும் அவர் குரலில் புதுக்கோட்டைச் சீமையின் வேகம் இருக்கிறது; மூச்சு வாங்கும் இடத்தில்கூட ஒரு குத்தல் ஒளிந்திருக்கும். அந்த ஆற்றலுக்குத் தொலைக்காட்சி கொடுத்தது சில நிமிடங்களும் மிக மலிவான ஒரு பொருளும். அவருடைய நிறமும் உடம்பும் வாரா வாரம் சிரிப்புக்குத் தீனியாயின. மற்றவர்கள் கேலி செய்தார்கள், அவரும் முந்திக்கொண்டு தன்னையே கேலி செய்தார். கருப்பாக இருப்பதை ஒரு குறையாக ஏற்றுக்கொண்டு தொடங்கும் நகைச்சுவை, கரிசல்காட்டில் வெயிலில் நிற்கும், பட்டாசு ஆலையில் மருந்துத் தூசியோடு வீடு திரும்பும் பெண்களையும் சேர்த்தே சிரிக்கிறது. 2018இல் கஜா புயல் டெல்டாவையும் புதுக்கோட்டையையும் புரட்டிப்போட்டபோது நிஷா நிவாரணப் பொருளோடு ஊர் ஊராகப் போனார். மேடையில் சொல்ல அவரிடம் வேறு கதைகள் எவ்வளவோ உண்டு என்பதற்கு அதுவே போதும்.

பெண்ணுக்கு உரையாடல் நாற்காலி கிடைக்காமலில்லை. ‘காபி வித் அனு’வில் அனு ஹாசன் நளினமாகவும், பின்னர் ‘காபி வித் டிடி’யில் திவ்யதர்ஷினி துள்ளலாகவும் பேசினார்கள். ஆனால் எதிரே உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் திரை நட்சத்திரங்கள். உரசல் இல்லை, உபசாரம் இருந்தது. நாரதரையே திணறடிக்கும் தர்க்கம் அங்கே நுழையவில்லை. மதுரையிலும் புதுக்கோட்டையிலும் இன்றும் ஸ்திரீபார்ட் கட்டுகிற பெண்களிடம் அந்த வித்தை இருக்கிறது. அவர்களில் ஒருவரையோ நிஷாவையோ இரவு பத்து மணிக்கு உட்காரவைத்து, எதிரே ஓர் அமைச்சரையோ ஆலை முதலாளியையோ அமர்த்தி, ஒரு மணி நேரம் குறுக்கிடாமல் விடுகிற தொலைக்காட்சியைத்தான் நான் கேட்கிறேன்.