யானையைக் கூப்பிட என்ன அவசரம்?

அன்னூர், காங்கேயம், பெருந்துறை என்று எந்த ஊரில் வள்ளியின் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி அரங்கேற்றம் நடந்தாலும் கூட்டம் வேகத்துக்குத்தான் கைதட்டுகிறது. பாடி நடத்தும் ஆசிரியர் கொஞ்சம் நிதானித்தால் ‘சவசவன்னு போகுது’ என்கிறார்கள். இந்தப் பருவத்தில் அந்தப் பேச்சுக்கு அதிகம் ஆளானவர் ஓர் ஆசிரியர். பெயர் வேண்டாம், தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு ஆள் தெரியும். கிழவர் காட்சியில் யானையைக் கூப்பிட அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் மற்ற எல்லோரையும்விட அதிகம். அதைத் தடுமாற்றம் என்கிறார்கள். கொங்குக் களங்களில் இன்று எடுக்கப்படும் மிகச் சரியான முடிவு அதுதான் என்பது என் கட்சி.

கந்தபுராணத்தின் கடைசிப் படலமாகக் கச்சியப்ப சிவாசாரியார் வைத்தது வள்ளியின் திருமணத்தை. சூரனை வென்றவன் அங்கே தினைப்புனம் காக்கும் பெண்ணிடம் படிப்படியாகத் தோற்கிறான். வேடனாக வருகிறான், அவள் தந்தை நம்பிராசனைக் கண்டதும் வேங்கை மரமாகிறான், பிறகு கிழவனாகிறான். கிழவன் கேட்பது மூன்று. பசிக்கு உணவு கேட்டபோது தேனும் தினைமாவும் தருகிறாள். தாகம் என்றபோது சுனைக்கு அழைத்துப் போகிறாள். மூன்றாவதாக அவளையே கேட்டதும் கடிந்துவிட்டுப் புறப்படுகிறாள். வேறு வழியில்லாமல்தான் வேலன் அண்ணன் பிள்ளையாரை நினைக்கிறான், யானை வருகிறது. வேலன் தோற்றதற்கு யானையே சாட்சி. வள்ளியின் மறுப்பு முழுதாகக் காதில் விழும் முன்பே அது வந்துவிட்டால் மிஞ்சுவது ஆரவாரம் மட்டுமே. நம் ஆசிரியர் மூன்றாவது கேள்வி முடிந்ததும் நடையை இறக்கி, மறுப்பைத் திருப்பித் திருப்பிப் பாடுகிறார். கிழவனுக்கும் வள்ளிக்கும் ஒரே தொண்டை. வேடம் கட்டிய நடிகர் இல்லாத களத்தில் காலம் மாறினால்தான் ஆள் மாறியது தெரியும்.

கும்மி ஆட்டம்தானே, நாடகக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கதை மேடையில் வாழ்ந்த விதத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) ‘வள்ளி திருமணம்’ இசை நாடகத்தில், வள்ளியும் நாரதரும் மோதும் தர்க்கத்துக்காகவே ஊர் விடிய விடிய உட்கார்ந்திருந்தது. கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கை நடத்திய சாமிக்கண்ணு வின்சென்ட் 1933இல் இதே கதையைப் பேசும் படமாக்கினார். 1945இல் ஏ.வி. மெய்யப்பன் ‘ஸ்ரீவள்ளி’ என்று மறுபடியும் எடுத்தார். சுருக்குவது குற்றமில்லை. ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’வை வெர்டி ஆப்பெராவாக்கி 1887இல் மிலானில் அரங்கேற்றியபோது, வெனிஸில் நடக்கும் முதல் அங்கமே கிட்டத்தட்ட முழுதாகப் போய்விட்டது. ஆனால் சந்தேகம் ஒருவனுக்குள் ஊறும் நேரத்தில் அவர் கை வைக்கவில்லை. நம் வேகக்காரர்கள் கத்தரிப்பது அப்படிப்பட்ட இடத்தைத்தான்.

இன்னொரு வாதம் கொஞ்சம் வலுவானது: ஆயிரக்கணக்கானோர் ஆடும் களத்தில் மெதுநடை கட்டுக்கோப்பைக் குலைத்துவிடும், வேகம்தான் கூட்டத்தை இழுத்துப் பிடிக்கும் என்பது. கணக்கு நேர்மாறாக இருக்கிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒலிபெருக்கியிலிருந்து நூறு மீட்டர் தள்ளி ஆடுகிறவர் காதில் பாட்டு ஏறக்குறைய 0.3 விநாடி தாமதித்தே விழும். விநாடிக்கு ஒரு தட்டு என்றால் அந்தப் பிசகு அவ்வளவாகக் கண்ணை உறுத்தாது. அரை விநாடிக்கு ஒரு தட்டு என்றால் கடைசி வரிசை பாதித் தட்டுக்கு மேல் பின்தங்கிவிடும். ஆங்காங்கே ஒலிபெருக்கி கட்டினாலும் ஒன்றின் ஓசை இன்னொன்றோடு மோதும். பெரிய களங்களில் கடைசி வரிசைகள் கலைவதற்கு ஆடும் பெண்களைக் குறை சொல்வது அநியாயம். வேகத்தைத் தேர்ந்தெடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

எத்தனை ஆயிரம் பேர் என்ற போட்டி இன்னும் இரண்டு மூன்று தைப்பூசங்களுக்குத் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தொட்டபின் கூட்டம் கதையைத்தான் தேடும். அப்போது இன்று மந்தம் என்று ஒதுக்கப்படும் இந்த ஆசிரியரின் பாணியைத்தான் இளையவர்கள் பிடிப்பார்கள். 2024இல் கோவை மாவட்டத்து மூத்த கும்மி ஆசிரியர் ஒருவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது, ஆண்கள் ஆடிவந்த கலையைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் சேர்த்தே பாராட்டப்பட்டது. கற்றவர்களில் பலர் சீக்கிரமே ஒலிவாங்கியைப் பிடித்து முழுக்கதையையும் பாடப்போகிறார்கள். வள்ளியின் மறுப்பை அவர்கள் எவரும் அவசரமாக முடிக்கப்போவதில்லை. யானை இன்னும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.